திண்ணையில் காத்திருக்கும் நூல்கள்

பழைய நூலொன்றின் மின்வடிவைச் சொடுக்கிவிட்டு, முதற்பக்கம் தோன்றும்வரை காத்திருந்து சலிக்காத வாசகர் இன்று அரிது. பிள்ளையார்பட்டியில் கூடிப் படிக்கும் எங்களிடையேயும் இதே புலம்பல்தான். கணினி பழையது, இணையம் மந்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே தரவிறக்கி வைத்த கோப்புக்கு இணையத்தின்மேல் பழி சொல்ல இயலாது. பல வேளைகளில் தாமதம் மென்பொருளின் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வருகிறது. "அப்படியானால் அதை அணைத்துவிடு" என்று எளிதாக ஆலோசனை சொல்லிவிடுகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை.

அந்தப் பாதுகாப்பு காரணமின்றி வந்ததல்ல. பிடிஎஃப் கோப்புக்குள் தீங்கு நிரலை ஒளித்து அனுப்பும் தாக்குதல்கள் பெருகியதையடுத்து, 2010இல் அடோபி ரீடரின் பத்தாம் பதிப்பு, விண்டோஸ் கணினிகளுக்கு 'புரொடெக்டட் மோட்' என்னும் காப்புநிலையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ், இணையத்திலிருந்து வந்த கோப்புகளைப் படிக்க மட்டுமே இடந்தரும் 'புரொடெக்டட் வியூ'வை அறிமுகம் செய்தது. செட்டிநாட்டு வீடுகளின் வழக்கத்தைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். முன்பின் அறியாதவரைத் திண்ணையில் அமர்த்திப் பேசுவோம். வளவுக்குள் எல்லோரையும் விடுவதில்லை. மென்பொருளும் கோப்பைத் திண்ணையில் வைத்தே திறக்கிறது. உள்ளேயிருந்து அதற்கு வேண்டியதையெல்லாம் இடையாள் ஒருவர் வழியாகவே கேட்டுப் பெறுகிறது. கூடவே நச்சுநிரல் தடுப்பானும் கோப்பைச் சோதிக்கிறது. ஐந்நூறு பக்கங்களைப் படமாகப் பிடித்த நூலென்றால் காத்திருப்பு நீளும்.

எனவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அதே கோப்பை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கும் தாமதித்தால் குறை பெரும்பாலும் கோப்பின் பருமனில் இருக்கும். உலாவியில் விரைந்து திறந்து, படிப்பு மென்பொருளில் மட்டும் தயங்கினால் அமைப்புகளை ஐயுறலாம். மென்பொருளைப் புதுப்பித்தபின், நன்கு அறிந்த கோப்பொன்றை வைத்துக்கொண்டு, 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் காப்புநிலையை ஒருமுறை மட்டும் விலக்கி, மென்பொருளை மூடித் திறந்து நேரத்தை ஒப்பிடுங்கள். சோதனை முடிந்ததும் காப்புநிலையை மீண்டும் இயக்கிவிடுங்கள். தடை அங்கேதான் என்று தெளிந்தால், அந்த நூலை மட்டும் உலாவியில் படிக்கலாம். உலாவிகளுக்கும் தமக்கெனக் காப்பரண் உண்டு. தயக்கம் 'புரொடெக்டட் வியூ'வால் என்றால், நம்பத்தக்க நூல்களுக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து, அதற்கு மட்டும் விலக்களிக்கலாம். வீடு முழுவதையும் திறந்துபோடத் தேவையில்லை.

இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் உண்டு. எழுதுகிறவரின் கணினியில் அச்சேறாத கையெழுத்துப்படிகள் இருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் நிரலொன்று புகுந்தால், பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

ஆயினும் பொறுமையை வாசகரிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும் 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயின. கரையானுக்குத் தப்பிய தாள்கள், திரையில் தோன்றத் தாமதித்ததால் படிக்கப்படாமற் போவது வருந்தத்தக்கது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், எழுத்துகளாகவே உள்ளிடப்பட்டவை ஆதலால் எளிதில் திறக்கின்றன; தேடவும் இடந்தருகின்றன. எல்லா நூல்களையும் தட்டச்சு செய்ய இயலாதுதான். படங்களைத் தக்க அளவுக்குச் சுருக்குவதும், பெரிய நூலைப் பகுதிகளாகப் பிரித்துத் தருவதும் இயலக்கூடியவையே. நூல்களை வலையேற்றும் நண்பர்கள் இவற்றையாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.