அரட்டை: இழிவழக்கா, ஆய்வுப்பொருளா?

முன்னுரை

ஒரே செயலைக் குறிக்கும் சொற்கள், அச்செயலைச் செய்பவரின் நிலைக்கேற்ப மாறுவது மொழியின் இயல்பு. தலைவர்கள் சந்தித்துப் பேசினால் 'அளவளாவினர்' என நாளிதழ்கள் எழுதும். தொழிலாளர் கூடிப் பேசினால் அது 'அரட்டை அடித்தல்' ஆகிவிடுகிறது. இவ்வேறுபாடு பேச்சின் பொருளைப் பொறுத்ததன்று. பேசுவோரின் சமூக மதிப்பைப் பொறுத்தது. இம்மதிப்பீட்டைத் தமிழாய்வும் ஏற்றுக்கொண்டுவிட்டதோ என்னும் ஐயம் எழுகிறது.

சொல்லும் மதிப்பும்

திருக்குறள் 'பயனில சொல்லாமை' என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. அதே நூலின் 'சுற்றந்தழால்' அதிகாரம், அளவளாவுதல் இல்லாதவனின் வாழ்க்கையைக் கரையில்லாக் குளத்தில் நீர் நிறைவதற்கு ஒப்பிடுகிறது. பயனற்ற சொல்லைக் கடிந்த நூல், உறவைக் காக்கும் பேச்சைக் கரையாகக் கண்டுள்ளது. பிற்கால அறநோக்கு முன்னதை மட்டும் பற்றிக்கொண்டது. 'வெட்டிப்பேச்சு', 'ஊர்வம்பு', 'திண்ணைப்பேச்சு' முதலிய வழக்குகள் இதற்குச் சான்று. ஈழத்தமிழில் 'கதைத்தல்' என்பது உரையாடலைக் குறிக்கும் இயல்பான வினை. தமிழகத்திலோ 'கதை விடுதல்', 'கதை அளத்தல்' என்பன பொய்யுரையைச் சுட்டுகின்றன. எனவே இழிவு செயலில் இல்லை, வழக்கிலேயே உள்ளது எனலாம்.

வழக்கு மாறவும் செய்யும். சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' எளிய மக்களின் மேடைப்பேச்சுக்கு இச்சொல்லைப் பெயராக்கியது. ஜோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட செயலிக்கு 'அரட்டை' எனப் பெயரிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் அச்செயலி நாடெங்கும் பேசப்பட்டது. தமிழறியாதாரும் இன்று அச்சொல்லை உச்சரிக்கின்றனர். வணிகம் கண்ட மதிப்பை ஆய்வுலகம் காணாதிருப்பது பொருத்தமன்று.

நெய்வேலி என்னும் களம்

உறவாடுதலையே நோக்கமாகக் கொண்ட பேச்சை 1923இல் மாலினோவ்ஸ்கி தனிவகையாக அடையாளம் காட்டினார். 'சாப்பிட்டாச்சா?' என்னும் வினா உணவைப் பற்றியதன்று என்பதைத் தமிழர் எவரும் அறிவர். இவ்வகைப் பேச்சு மொழியை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை அறிய நெய்வேலி நகரியம் சிறந்த களமாகும்.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின் இந்நகரியம் உருவானது. நிலம் இழந்த நடுநாட்டு ஊரார், பிற மாவட்டத்தார், பிற மாநிலத்தார் எனப் பலரும் எண்ணிட்ட வட்டங்களில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியேறினர். இங்கு அண்டை வீட்டார் உறவினர் அல்லர். பேசிப் பேசியே அண்ணனும் அக்காவும் ஆனவர்கள். ஷிப்ட் மாறும் நேரத்துத் தேநீர்ப் பேச்சும் மாலைநேர வாசற்பேச்சும் இவ்வுறவின் கருவிகள்.

கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி' (2007) இவ்வட்டாரத்தின் ஊர்ப்புறச் சொற்களைத் திரட்டித் தந்தது. அச்சொற்கள் நகரியத்திற்குள் வந்து, சுரங்கத் தொழிற்சொற்களோடும் மலையாள, தெலுங்கு வழக்குகளோடும் கலந்தபோது எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பது அடுத்த வினா. அதற்கு விடை அலுவலக ஆவணங்களில் கிடைக்காது, அரட்டையில்தான் கிடைக்கும்.

மறுப்பும் விடையும்

இயல்பான பேச்சு பதிவுக்கருவியைக் கண்டதும் இயல்பு இழக்கும் என்பர். லபோவ் சுட்டிய இம்முரண் உண்மையே. ஆயினும் மறைந்திருந்து பதிவு செய்தல் அதற்குத் தீர்வாகாது. நம்பிப் பேசிய சொல்லை இசைவின்றி எடுப்பது திருட்டுக்கு ஒப்பாகும். நீண்டநாள் பழகுதல், முன்னிசைவு பெறுதல், பெயர் மறைத்தல், பேசியவரே வேண்டாதவற்றை நீக்க வாய்ப்பளித்தல் ஆகியவை இன்றியமையாதவை. இவை ஆய்வைத் தாமதப்படுத்தலாம். ஆனால் தரவின் நம்பகத்தன்மையைக் கூட்டும்.

முடிவுரை

பயனற்றது எனத் தள்ளப்பட்ட பேச்சே, முன்பின் அறியாதோரை ஓர் ஊராராக்கியது. அறுபதுகளில் பணியில் சேர்ந்த தலைமுறை இன்று எண்பது வயதை ஒட்டி நிற்கிறது. ஏட்டில் உள்ள இலக்கியம் ஆய்வாளருக்காகக் காத்திருக்கும்; இவர்களின் பேச்சு காத்திராது. தமிழ்த்துறைகள் தொழில்நகரப் பேச்சுவழக்கை முனைவர் பட்ட ஆய்வுக்குரிய முதன்மைத் தரவாக ஏற்று, களப்பணியை இப்போதே தொடங்குதல் வேண்டும்.