குகையில் முளைத்த சுயம்பு

விசாகப்பட்டினத்திற்கு அப்பால் அனந்தகிரி மலையில் பொர்ரா குகை என்று ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. அதனுள் தரையிலிருந்து எழும்பி நிற்கும் கல் ஒன்றைச் சிவலிங்கம் என்று ஜனங்கள் கும்பிட்டு வருகிறார்கள். எந்தச் சிற்பியும் செதுக்காமல் தானே முளைத்ததாம், ஆகவே தெய்வமாம்! சிற்பி செதுக்கவில்லை என்பது வாஸ்தவந்தான். பின் செய்தது யார்? சொட்டுத் தண்ணீர்.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாய்ப் புளிப்படைகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சங் கொஞ்சமாய் அரித்துக் குகையாக்குகிறது. பிறகு அதே மாதிரி நீர் குகைக் கூரையில் சொட்டாய் வந்து நின்றதும் வாயு வெளியேறிவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. மேலே படிந்தது விழுதாய்த் தொங்கும். கீழே படிந்தது முளையாய் எழும்பும். இரண்டும் கூடினால் தூண். பெரும்பாலும் ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உப்புத்தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாய்க் காரை படிகிறதே, அதுவும் இந்த இனந்தான். அண்டாவுக்கு யாராவது தேங்காய் உடைக்கிறார்களா?

குகையில் சேர்வதையெல்லாம் அறிஞர்கள் பிறப்பைக் கொண்டு பிரிக்கிறார்கள். ஆறு அடித்துவந்த மண்ணும் மணலும் கூழாங்கல்லும், கூரை இடிந்து விழுந்த பாறையும் ஒரு வகை. நீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு ஒரு வகை. வௌவால் எச்சம் போன்றவை ஒரு வகை. தெய்வம் என்று ஒரு வகை அதில் இல்லை. பிறப்பைப் பார்த்துப் பிரிப்பது கல்லுக்குத்தான் தகும். மனிதனுக்குத் தகாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மாம்லு குகையிலிருந்து இப்படி முளைத்த கல் ஒன்றை எடுத்து அறுத்து, அடுக்கடுக்காய்ப் படிந்ததைச் சோதித்தார்கள். அதிலுள்ள யுரேனியம் தோரியமாய் மாறும் கணக்கைக் கொண்டு வயது கண்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்த செய்தி அதில் இருந்தது. 2018-ல் உலக நிலவியல் அறிஞர் சங்கம் அக்கல்லையே அடையாளமாய் வைத்து, அதுமுதல் இன்றுவரையுள்ள காலத்திற்கு மேகாலயக் காலம் என்று பெயரிட்டது.

இரண்டும் ஒரே வகைக் கல்தான். ஒன்றைப் படித்தார்கள், மழையின் பழங்கணக்கு கிடைத்தது. மற்றொன்றைக் கும்பிட்டார்கள், கிடைத்தது என்ன? கற்பூரப் புகை கல்லைக் கறுப்பாக்கும். தடவுகிற கையின் எண்ணெய்ப் பிசுக்கு மேற்கொண்டு சுண்ணாம்பு படியவொட்டாமல் கெடுக்கும். மழைக்காகத் தெய்வத்திடம் முறையிடுகிற மனிதன், மழையே எழுதிவைத்த கணக்குப் புத்தகத்தின்மீது கரி பூசினால் அதைப் பக்தி என்பதா, பைத்தியம் என்பதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.