மாடு மேய்க்கத்தான் லாயக்கு!

போன வாரம் மந்தைவெளியிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். “நீங்க பத்திரிகைக்காரர். நீங்க சொன்னா பையன் கேட்பான். கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்றார். பையன் பி.காம். இரண்டாம் வருஷம். என்ன தப்புப் பண்ணினான்? காதலா? இல்லை. கிரிக்கெட் சூதாட்டமா? அதுவும் இல்லை. கூடப் படிக்கிற ஒரு கொங்கு நாட்டுப் பையனோடு சேர்ந்து, லீவு விட்டால் மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறானாம். படிப்பு முடிந்ததும் இரண்டு பேருமாகக் காங்கேயம் காளை வளர்த்து, கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்.

நண்பர் கடைசியாகச் சொன்ன வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “எல்லாம் சேர்க்கை சரியில்லை சார்!”

உங்கள் வீட்டிலும் இந்த வாக்கியம் உண்டு. இதற்கு ஒரு அண்ணன் வாக்கியமும் உண்டு. கணக்கில் மார்க் குறைந்தால் வாத்தியார் சொல்வார், அப்பா சொல்வார், பக்கத்து வீட்டு மாமாகூட உரிமையோடு சொல்வார்: “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!”

வேடிக்கை என்னவென்றால், பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம். வள்ளுவர் 400-வது குறளில் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார். அதுவும் எந்த அதிகாரத்தில்? கல்வி! கல்விதான் மாடு, மற்றதெல்லாம் மாடு இல்லை என்கிறார். நாம் அதை அப்படியே திருப்பிப் போட்டு, கல்வி வராதவனுக்குத்தான் மாடு என்று ஆக்கிவிட்டோம்.

நானும் பி.காம்.தான். தேய்மானம் கணக்கிடும் முறைகளில் மறுமதிப்பீட்டு முறை என்று ஒன்று உண்டு. வருஷ ஆரம்பத்தில் இருந்த மதிப்பு, நடுவில் வாங்கியது, வருஷக் கடைசியில் மிஞ்சியது. கூட்டிக் கழித்தால் தேய்மானம். இதற்கு எங்கள் பாடப் புத்தகம் சொன்ன உதாரணம், ‘சில்லறைக் கருவிகள், கால்நடைகள்.’ ஸ்பேனரும் பசுவும் ஒரே வரியில்! மயிலாப்பூர்ப் பக்கத்துக் கல்லூரியில் அறுபது பேர் அதை உருப்போட்டோம். ஒருத்தன் மட்டும் சிரித்தான். காங்கேயம் பக்கத்துப் பையன். தி.நகரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன். “ஏன்டா, சினை மாடு வருஷக் கடைசியில கன்னு போட்டா, ஸ்பேனர் என்ன போடும்?” என்றான்.

அவன்தான் ஒரு ஆடி மாதம் என்னை அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு இழுத்துப் போனான். அதுவரை நான் பார்த்த மாடு, தெற்கு மாட வீதியில் சுவரொட்டி தின்னும் மாடுதான். அங்கே காளைகள் மணப்பெண் மாதிரி நின்றன. மயிலை நிறத் தாயின் பக்கத்தில் ஒரு செவலைக் கன்று. “இது வேற ஜாதிக் கன்னா?” என்று கேட்டேன். அவன் தாத்தா பொக்கை வாயால் சிரித்தார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்று அன்றைக்குத்தான் தெரியும். திமில், கொம்பு, கால், நடை, சுழி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பல்லைப் பார்த்து வயசு சொன்னார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். என்ன விலை என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பி, பரீட்சை எழுதி, பத்திரிகைக்காரன் ஆனேன். அந்த ஒரு நாள் படிப்புக்குத்தான் மூன்று வருஷத்தில் நான் ஃபீஸ் கட்டவில்லை. இன்றுவரை மறக்காததும் அது ஒன்றுதான்.

‘அதெல்லாம் கிராமத்துக்காரர்களுக்கு சார், நம்ம பசங்களுக்கு என்னத்துக்கு?’ என்கிறீர்கள். சரி, நம்ம ஊர்க் கல்லூரிகளில் படித்த ஒருத்தர் கதையைச் சொல்கிறேன்.

கோழிக்கோட்டில் 1921-ல் பிறந்தவர். கோபிச்செட்டிப்பாளையத்தில் பள்ளிக்கூடம். மெட்ராஸ் லயோலாவில் இயற்பியல். அப்புறம் அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி. பெயர் வர்கீஸ் குரியன். இவருக்கு மாட்டின் மீது ஏதாவது ஆசை இருந்ததா? துளியும் கிடையாது. டாடா நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாமா ஜான் மத்தாய் அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவர். பிற்பாடு நாட்டின் நிதியமைச்சர் ஆனவர். அதற்குப் பிறகு அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் மிச்சிகன் போனார். உதவித்தொகை பால்வளப் பொறியியலுக்கு. அவர் மனசு இருந்ததோ உலோகவியலில்!

திரும்பி வந்ததும், வாங்கிய பணத்துக்கு வேலை பார்த்துக் கழிக்க வேண்டும் என்று அரசாங்கம் அவரைக் குஜராத்தில் ஆனந்த் என்ற சின்ன ஊருக்கு அனுப்பியது. 1949 மே மாதம். எப்போது ஓடலாம் என்றுதான் காத்துக்கொண்டிருந்தார். விடுதலை கிடைத்து மூட்டை கட்டியபோது, அந்த ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் வந்து, புது இயந்திரங்களை ஓடவைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். குரியன் தங்கினார். தங்கியவர் 2012-ல் இறக்கும்வரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார்.

அதோடு கதை முடியவில்லை. மிச்சிகனில் அவரோடு பழகிய ஒரு நண்பர், தலாயா. பால் தொழில்நுட்பம் கரைத்துக் குடித்தவர். அவரை ஆனந்துக்கு வரவழைத்துக்கொண்டார் குரியன். எருமைப் பாலிலிருந்து பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்த காலம். தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ல் நேரு வந்து அந்தப் பால் பண்ணைத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அமுல் என்று உலகத்துக்கே தெரிந்துபோனது. இன்றைக்கு உங்கள் வாசலில் விழும் ஆவின் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கூட்டுறவு முறைக்கு முன்மாதிரி ஆனந்த்தான்.

இப்போது மந்தைவெளிக் கணக்கில் பார்ப்போம். மாமா கொடுத்தது வேலை. உதவித்தொகை கொடுத்தது பட்டம். வாழ்க்கையைக் கொடுத்தது ஒரு கல்லூரி நண்பனும், ஒரு விவசாயத் தலைவரும்! ‘சேர்க்கை சரியில்லை’ என்று யாராவது அன்றைக்குக் குரியனை ரயிலேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைச் சொன்னதும், ‘குரியன் வழியில்தானே ஜெர்சி வந்தது, நாட்டு மாடு போனது’ என்று சிலர் கிளம்புவார்கள். நியாயமான கேள்விதான். பால் பெருகிய காலத்தில்தான் கலப்பினமும் பெருகியது. உழவுக்கு டிராக்டர் வந்ததும் காளைக்கு வேலை போனது. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று பெயர் சொல்லி எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த மாடுகளைக் காப்பாற்றவும் ஆள் வேண்டுமே? காங்கேயம் இனம் இவ்வளவு பேர் வாங்கியதே, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்ததால்தான். காளை தானாகத் தரமாவதில்லை. பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத்தான் போகும்.

2017 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினோம். அடையாறிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் தாய்மார்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் போட்ட ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார்? கல்லூரி நண்பர்கள்! ஜனவரி 23-ல் சட்டசபையில் சட்டம் வந்தது. 2023 மே மாதம் அது செல்லும் என்று அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

அன்றைக்குக் கை தட்டிய அதே அப்பாதான் இன்றைக்கு எனக்குப் போன் பண்ணுகிறார். மாடு நம் பண்பாடு. ஆனால் மேய்ப்பது அடுத்த வீட்டுப் பையன்! கபாலி கோயில் பக்கம் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக் கொடுத்தால் நம் பங்கு முடிந்தது. வேப்பேரியில் 1903-லிருந்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-ல் நாட்டிலேயே முதலாவதாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் இது. இருந்தும் எத்தனை வீட்டில் அது முதல் விருப்பம்? ‘எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதான்...’ என்று இழுக்கிறோம்.

நண்பருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். காளை வளர்த்து அடையாறில் ஃபிளாட் வாங்க முடியாது. தீவனத்துக்கே கையைக் கடிக்கும். நிலம் இல்லாதவனுக்கு ரொம்பக் கஷ்டம். பையன் காசை இழக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. எதனால் இழப்பான்? தப்பான கன்றை வாங்கி இழப்பான். நோய் தெரியாமல் இழப்பான். தரகனிடம் ஏமாந்து இழப்பான். இதிலிருந்தெல்லாம் அவனைக் காப்பாற்றக்கூடியது யார்? ‘இதை வாங்காதே, காலைப் பாரு’ என்று சொல்லும் அந்தக் கூட்டாளியும், அந்தக் கூட்டாளி வீட்டுப் பெரியவரும்தான். இந்தத் தொழிலில் அவனிடம் இருக்கும் ஒரே முதல் அதுதான். நஷ்டம் வரும் என்று பயந்துகொண்டு முதலில் அந்த முதலையே பிடுங்குகிறோமே, பி.காம். படித்தவன் செய்கிற கணக்கா இது?

“அப்ப அவனை மாடு மேய்க்கச் சொல்றீங்களா?” என்றார் நண்பர், கொஞ்சம் கோபமாக.

இல்லை. பட்டத்தை வாங்கட்டும். கணக்கு எழுதத் தெரிந்த மாட்டுக்காரன் இந்த நாட்டுக்குத் தேவை. ஆனால் லீவு நாளில் அவன் யாரோடு போகிறான் என்பதில் கை வைக்காதீர்கள். முடிந்தால் இந்த ஆடிக்கு நீங்களும் அவர்களோடு அந்தியூருக்குப் போய்விட்டு வாருங்கள். அந்தத் தாத்தா மாதிரி ஒருத்தர் அங்கே கட்டாயம் இருப்பார். பையனுக்கு அவர் பல் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அதற்கப்புறமும் சேர்க்கை சரியில்லை என்று தோன்றினால், எனக்குப் போன் பண்ணுங்கள்.