கிழிந்த வலைக்கும் ஒரு விலை வேண்டும்

ஒற்றை இழை நைலோனால் ஆன தங்கூசி வலையை இலங்கை 2006இலேயே தடைசெய்துவிட்டது. தடை சரியானதுதான். ஆனால் எந்த வலை கடலில் இறங்கலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கிழிந்த வலை எங்கே போகிறது என்று கேட்பதில்லை. திருகோணமலைக்கு வடக்கே கடலை நம்பியிருக்கும் சல்லி போன்ற ஊர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. தங்கூசியும் சட்டம் அனுமதிக்கும் முறுக்குநூல் வலையும் பெரும்பாலும் ஒரே நைலோன்தானே.

வலைக்கு அதிகம் பயன்படுவது நைலோன் 6. பெற்றோலியத்திலிருந்து வரும் பென்சீனைப் பல படிகளில் மாற்றிக் கப்ரோலக்டம் என்ற வெண்ணிறப் பொருளாக்குகிறார்கள். அதைச் சிறிது நீருடன் சுமார் 250 பாகை செல்சியசில் சூடாக்க, வளைய மூலக்கூறுகள் திறந்து நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்கின்றன. உருகிய குழம்பைத் துளைத்தகட்டின் வழியே தள்ளி, ஆறவிட்டு, பல மடங்கு இழுத்து நீட்டுவார்கள். அந்த இழுவையில் சங்கிலிகள் ஒரே திசையில் படிவதால்தான் நூலுக்கு அத்தனை பலம். தடித்த ஒற்றை இழையாக விட்டால் தங்கூசி. மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கினால் வழக்கமான வலைநூல். பருத்தி வலையை உலர்த்தி, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது, நைலோன் உக்காது. கடல்நீரைவிடச் சற்றுக் கனமும் கூட. மிதப்பு அறுந்த துண்டு அடியில் போய் முருகைக்கல்லில் சிக்கி, இழுக்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். நிலாவெளிக்கு அப்பால் கடலில் உள்ள புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. பூங்காவின் எல்லைக்கோடு படகை நிறுத்தலாம், நீரோட்டத்தில் இழுபட்டு வரும் வலைத்துண்டை நிறுத்தாது.

பருத்திக்கே திரும்பலாமே என்பவர்கள், எரிபொருள் கடனில் கடலுக்குப் போகிறவரின் கணக்கைப் பார்ப்பதில்லை. உக்காத குணமே அவருக்கு இலாபம். அதே பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு: நைலோன் 6ஐ வெப்பத்தால் பிரித்து மீண்டும் கப்ரோலக்டமாக்கலாம். அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் ஸ்லோவேனியாவில் பழைய வலைகளிலிருந்தும் இதைச் செய்கிறது. ஆகவே கிழிந்த வலையைக் கிலோ கணக்கில் விலைகொடுத்து வாங்க வேண்டும். பணத்துக்கு, இறக்குமதியாகும் வலையிலும் நூலிலும் ஒரு சிறு கட்டணம். அது மீனவர் தலையில்தான் விழும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் வலையைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தக் காசு திரும்பி வரும். நம்மிடம் ஆலை இல்லையே என்பது அதைவிடப் பலவீனமான வாதம். அழுத்திக் கட்டிய வலை மீனைப்போல் கெட்டுப்போகாது, சேர்த்துவைத்துக் கப்பலேற்றலாம். உண்மையான சிரமம் தரம்பிரிப்பில் இருக்கிறது. மிதக்கும் கயிறு வேறு பிளாஸ்டிக், அடியில் ஈயக்குண்டு, வலைக்கண்களில் காய்ந்த பாசி. இவற்றை அறுத்துக் கழுவிப் பிரிக்கும் கூலியையும் சேர்த்தே கிலோ விலையைத் தீர்மானிக்க வேண்டும்.