களைக்கொல்லி மறைந்தால் போதுமா?

கடலூர் மாவட்டத்தின் மங்களூர் ஒன்றியத்தில் மழையை நம்பியே மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், விதைத்த சில நாள்களுக்குள் அட்ரசின் தெளிப்பது மக்காச்சோள விவசாயிகளிடம் பரவலான வழக்கம். அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. மண்ணில் உறுதியாக ஒட்டாத இக்களைக்கொல்லி வெள்ளத்தோடு குட்டைக்கும் ஏரிக்கும் செல்லக்கூடும், நிலத்தடிக்கும் இறங்கக்கூடும்.

நிலத்தடி நீரை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினுக்கு 2004-இல் விடைகொடுத்தது. நம் நாட்டில் 2020 மே மாதம் வெளியான வரைவு ஆணை, தடை செய்ய முன்மொழிந்த 27 மருந்துகளில் இதையும் சேர்த்திருந்தது. 2023-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட சிலவற்றோடு அந்தத் தடை நின்றுவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அட்ரசினை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால், ஊராட்சிகளுக்குத் தரப்படும் களப் பரிசோதனைப் பெட்டி நைட்ரேட்டைக் காட்டும், ஃபுளோரைடைக் காட்டும்; அட்ரசினைக் காட்டாது.

இத்தகைய நீரைத் தூய்மையாக்கப் பிளாஸ்மா தொழில்நுட்பம் முன்வைக்கப்படுகிறது. காற்றில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் ஓசோனும் ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க துகள்களும் உருவாகி, நீரில் உள்ள களைக்கொல்லி மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. கரி வடிகட்டி நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பின்னர் அந்தக் கரியை எங்கே கொட்டுவது என்ற கேள்வி எழும். பிளாஸ்மாவோ நஞ்சை உடைக்கிறது. இந்தக் கவர்ச்சி நியாயமானதே.

ஆயினும், உடைத்தபின் என்ன மிஞ்சுகிறது? அட்ரசினின் பக்கக் கிளைகள் எளிதில் அறுபடுகின்றன. அதன் நடுவிலுள்ள டிரையசின் வளையம் இலகுவில் உடைவதில்லை. முதற்கட்டத்தில் உண்டாகும் டீஎத்தில் அட்ரசினில் குளோரின் அப்படியே இருக்கிறது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, அட்ரசினையும் இத்தகைய குளோரின் கொண்ட வழிப்பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்தே கணக்கிடுகிறது. அட்ரசினை மட்டும் அளந்துவிட்டு 'முற்றிலும் நீங்கியது' என்று சான்றளித்தால், அச்சான்று உண்மையாகவும் இருக்கும், ஏமாற்றாகவும் இருக்கும்.

இன்னொன்று, காற்றைக் கொண்டு பிளாஸ்மா உண்டாக்கினால் நீரில் நைட்ரேட் சேரும். உரமிட்ட வயல்களின் கிணற்று நீரில் ஏற்கெனவே நைட்ரேட் இருந்தால், 45 மில்லிகிராம் என்ற வரம்பை அது எளிதில் தாண்டிவிடலாம். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டும் அந்த வீரியத் துகள்களை விழுங்கிவிடும், மின்செலவு கூடும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த ஆய்வக வெற்றியை ஊர்க் கிணற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பிளாஸ்மா கருவிகளில் மின்காப்புத் தடுப்பாகப் பீங்கானும் பயன்படுகிறது. அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் மங்களூருக்கு அண்மையில்தான் உள்ளது. உள்ளூரிலேயே சிறு சோதனை நடத்திப் பார்ப்பது வீண் ஆசையன்று. அதற்கு முன்பாக, முதல் பெருமழைக்குப் பிந்தைய வாரங்களில் இங்குள்ள குட்டைகளிலும் கிணறுகளிலும் நீர் எடுத்து, அட்ரசினோடு அதன் வழிப்பொருள்களையும் ஆய்வகத்தில் அளந்து, முடிவை ஊராட்சி வாரியாக மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். கருவி வாங்கும் நாள் வந்தால், அதே பட்டியலையே ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக வைக்கலாம்.