மலை யாருடைய சொத்து?

"மில்காரனுக்கு மலை எதற்கு?" என்று கேட்கும் கனவான்களே, இங்கிலாந்தின் ஹேஃபீல்டு கிராமத்தில் போய்க் கேளுங்கள்!

அக்கிராமத்தின் தலைக்குமேல் நிற்பது கிண்டர் ஸ்கவுட் மலை. டெவன்ஷயர் பிரபு வகையறா சில நாள் காட்டுக்கோழி சுட்டு மகிழ, வருஷம் முழுவதும் மக்களுக்கு அங்கே தடை. 1932 ஏப்ரல் 24, ஞாயிறு. மான்செஸ்டர் புகையில் வாரமெல்லாம் வெந்த தொழிலாளர் சுமார் 400 பேர், 20 வயதுக் கம்யூனிஸ்ட் பென்னி ராத்மன் முன்னிற்க, மலையேறினார்கள். தடியோடு வந்தார்கள் பிரபுவின் காவலாட்கள். கைகலப்பு! ஐவருக்கு 2 முதல் 6 மாதம் சிறை. ராத்மனுக்கு 4 மாதம். கலகம் செய்தார்களாம்!

2002இல் பிரபுவின் பேரன், பாட்டன் செய்தது தவறென்று மன்னிப்புக் கேட்டார். 70 வருஷம் கழித்து என்ன தாராளம்! 2000ஆம் வருஷச் சட்டமும் இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்தைத்தான் திறந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பொதுப்பாதையை விட்டு இறங்கினால் இன்றும் அத்துமீறல்தான்.