வாலில் எழுதிய பெயர்

2017ஆம் ஆண்டின் இறுதியில், ஓமான் நாட்டுக் கடலில் வாழ்ந்த ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து, மீண்டும் ஓமானுக்கே திரும்பியது. அதன் உடலில் பொருத்தியிருந்த கருவி செயற்கைக்கோள் வழியே இப்பயணத்தை அறிவித்தது. அப்பெண் திமிங்கலத்தின் பெயர் லுபான்! ஆம் வாசகர்களே, தோஃபார் மலைகளில் விளையும் நறும்பிசினுக்கு அரபியில் வழங்கும் பெயரேதான். வாலின் அடிப்புறத்தில் அம்மரத்தையொத்த வடிவம் தெரிந்தமையால் அவ்வாறு அழைத்தனர்.

இத்திமிங்கலம் ஆழத்தில் மூழ்குமுன் வாலை நீருக்குமேல் உயர்த்தும். அதன் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைத் திட்டுகளும் வடுக்களும் நம் கைரேகை போன்றவை. ஒன்றினுடையது மற்றொன்றுக்கு இராது. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் கடோனா முதலானோர் இவ்வாற்படங்களைத் தொகுக்கலாயினர். இன்று கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறது.

ஓமான் கடலில் எடுத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது அங்கு இருப்பவை ஏறத்தாழ 82 மட்டுமே என 2011இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு சிற்றூரின் ஒரு தெருவில்கூட இதனினும் மிகுதியான மக்கள் வாழ்வர். மற்றக் கடல்களின் கூன்முதுகுத் திமிங்கலங்களைப் போல் இவை துருவக் கடலை நாடிச் செல்வதுமில்லை. ஆராயப்பட்டவற்றுள் 30 முதல் 40 விழுக்காட்டின் வாலடியில், மீன்பிடி வலையோ கயிறோ இறுக்கியதாகக் கருதத்தக்க வடுக்கள் இருந்தன. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர் வலையில் சிக்கினால் என்னவாகும்? மூழ்கிச் சாகும், அன்றேல், தசையை அறுக்கும் கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு மெலியும்.

1984இல் அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுன் ஊரருகே ஐபிஸ் என்னும் திமிங்கலத்தைச் சார்லஸ் மேயோவும் டேவிட் மட்டிலாவும் விடுவித்தனர். சிக்கிய கயிற்றில் பெரிய மிதவைகளைக் கட்டினர். அது ஆழம் செல்ல இயலாமல் களைத்து நின்றது. பின்னர் படகிலிருந்தபடியே கயிற்றை அறுத்தனர். வியப்பென்னவெனில், முற்காலத்தில் திமிங்கலத்தைக் கொல்வதற்காக வேட்டைக்காரர் கையாண்ட உபாயம் இது! உட்புறம் மட்டும் கூரான கொக்கிக்கத்தியை நீண்ட கழியில் பொருத்தி அறுப்பதே இன்றைய முறை.

நீரில் இறங்குவது பெருந்தவறு. 2003இல் நியூசிலாந்தின் கைகோராக் கடலில் டாம் ஸ்மித் என்பவர் நீரில் இறங்கி ஒரு திமிங்கலத்தை விடுவிக்க முயன்றபோது, அதன் வாலடிபட்டு உயிரிழந்தார்.

ஒன்றொன்றாக விடுவிப்பது போதாது என்பதை இப்பணியினரே ஒப்புகின்றனர். ஆகவே அறுத்த கயிற்றை எறிந்துவிடாமல் கரைக்குக் கொணர்ந்து, அது எவ்வகை வலையினுடையது, திமிங்கலத்தை எங்கே சுற்றியது என்று ஆராய்கின்றனர்.